கடல் இல்லாத ஊர்

இடம் இல்லை என்று எங்கள் கடைக் கம்ப்யூட்டர் சொல்ல ஆரம்பித்தது நல்ல கல்யாண சீசனில். சொல்வதற்கு நேரம் பார்த்தது பாருங்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு ஆளாளுக்கு மணமக்கள் படத்தோடு வாசலில் நிற்கிறார்கள். நான் ஒரு பேனரை முடித்துச் சேமிக்கப் போனால் மஞ்சள் கட்டம் ஒன்று எழும்பி, இணைப்புக் கோப்புகளை வைக்க இடம் போதவில்லை, வேறு இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்கிறது. மூடினால் மறுபடி வருகிறது. கோபத்தில் மவுசை மேசையில் தட்டினேன். கெட்டது மவுஸ்தான்.

பாகூர் கடைத்தெரு தாண்டி எங்கள் கடை. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறோம். மெஷின் அண்ணன் பொறுப்பு. டிசைன், பில், கணக்கு, வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்த நாள் என்று எது வந்தாலும் அடிப்போம். ஆனால் கடைக்கு அரிசி போடுவது சாவுதான். முதல் நாளுக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று, அப்புறம் வருடா வருடம் நினைவு நாளுக்கு ஒன்று. கல்யாணப் பேனருக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட கண்ணீர் அஞ்சலிக்குப் பேசுவதில்லை. அந்த இரண்டு வார்த்தைகளையும் என் கை இப்போது பார்க்காமலே அடித்துவிடும்.

பில்லும் ஆர்டரும் கலைந்து போகிறதென்று சில வருடங்களுக்கு முன்னால் வியாபாரத்தை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினோம். அதில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண். ரோல் எவ்வளவு இருக்கிறது, இங்க் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதுவே சொல்லும். வாடிக்கையாளர் கொடுத்த படத்தையும் நான் போட்ட டிசைனையும் அந்த எண்ணோடு சேர்த்துக் கோத்து வைக்கலாம். இரண்டு வருடம் கழித்து வந்து பேரும் ஊரும் சொன்னால் போதும், எல்லாம் வந்து நிற்கும். அதனாலேயே எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. படத்தை எங்களிடம் கொடுத்ததோடு மறந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருக்கும் அல்லவா, அந்த நினைப்பு. போன் கடலில் விழுந்தாலும் சரி, போனை மாற்றினாலும் சரி, "பேனர் கடைல இருக்குதுல்ல" என்று நிம்மதியாக இருப்பார்கள். சோரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் வந்து, அப்பா படம் வேண்டும், பாஸ்போர்ட் சைஸில் எட்டு போட்டுக் கொடு என்று அதிகாரமாகக் கேட்டிருக்கிறார். பேனர் கடை என்று போர்டு இருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன். போட்டும் கொடுத்தேன்.

மஞ்சள் கட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னான்:

"பழசயெல்லாம் தூக்கிப் போடு. இது இன்னா கடையா, பொணக்கெடங்கா?"

"வந்து கேட்டா இன்னா சொல்றது?"

"இல்லன்னு சொல்லு. செத்தவங்களயெல்லாம் நாம வச்சிக் காப்பாத்தணும்னு எழுதிக் குடுத்திருக்கமா?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கடையை நினைத்துச் சொன்னான். அன்று மத்தியானம் கோப்புகளை அளவுப்படி அடுக்கிப் பார்த்தேன். பெரியதை முதலில் எடுத்துவிட்டால் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்திருந்தது ஒரு வீடியோ. பேனர் கடையில் வீடியோவுக்கு என்ன வேலை? அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "தோ, இதுதான் எடத்த அடச்சிக்கினு இருக்குது, மொதல்ல இத்த அழி" என்றான்.

அது பனித்திட்டு மீனவக் குப்பத்துப் பையனுடைய வீடியோ. அதை அழிக்க மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். எழுந்து டீ வாங்கப் போய்விட்டேன்.

அந்தப் பையன் கடலூர் ரோட்டில் வண்டியோடு லாரிக்குக் கீழே போனவன். படகு வேலை முடித்து வருகிற வழியில். இறந்த அன்று சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேர் கடைக்கு ஓடி வந்தார்கள். அவன் போன் வண்டியோடு நசுங்கிவிட்டது. கூட்டாளிகள் போனில் இருந்த படங்களில் எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, விரலை வேறு நீட்டிக்கொண்டு நின்றான். குழந்தையில் எடுத்த படங்கள், அப்பா அம்மா கல்யாண ஆல்பம் எல்லாம் சுனாமியில் வீட்டோடு போயிருந்தன. கடைசியில் வீட்டுக்குப் பொதுவாக இருந்த ஒரு பழைய போனைக் கொண்டு வந்தார்கள். அதில் அவன் எடுத்த ஒரு வீடியோ இருந்தது. அதிலிருந்து ஒரு இடத்தை நிறுத்தி முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். வெள்ளைச் சட்டை, கோட்டு, பட்டுப்புடவை என்று உடம்புகள் தனியாக எங்களிடம் இருக்கும். முகத்தை எடுத்து அதில் பொருத்துவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டேன். வீடியோ ஆர்டர் எண்ணோடு போய் உட்கார்ந்துகொண்டது. நான் சத்தத்தை அடைத்துவிட்டு வேலை செய்ததால், அதில் என்ன பேசுகிறார்கள் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.

ஒரு வருடம் கழித்து அவன் அம்மா வந்தார். மீன் விற்கிற அக்கா. கூடையை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வாடை வரும் என்று படியிலேயே நின்றார். எங்கள் கடையில் இங்க் வாடைக்கு மீறி எந்த வாடையும் தெரியாது, வாங்க அக்கா என்று உள்ளே கூப்பிட்டேன். இடுப்பிலிருந்து ஒரு மடிப்பை எடுத்தார். போன வருடத்துப் பேனரின் ஒரு பகுதி, நாலாக மடித்தது. காரியம் முடிந்ததும் பேனரை ஜனங்கள் விறகு மேலே போர்த்துவார்கள், ஆட்டுக் கொட்டகைக்குக் கட்டுவார்கள். மழைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

"எம்புள்ளய வெறவு மேல போத்த முடியுமா பாப்பா? அதான் மடிச்சி வச்சிருந்தன். அன்னிக்கி நா கண்ணத் தொறந்து ஒண்ணியும் பாக்கல. இப்பதான் விரிச்சிப் பாத்தன். மூஞ்சி அவந்து. சட்ட யாருது?"

மடிப்பை வாங்கி மேசையில் விரித்தேன். அண்ணன் மெஷினை விட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அவன் இந்த மாரி சட்டயே போடமாட்டான். அவந்து சட்டயோட போடு. ஊதா பனியனு. பொத்தானு இருக்கும், கழுத்தாண்ட."

அதற்காக அந்த வீடியோவைத் திறந்தேன். இந்தத் தடவை சத்தம் அடைக்கப்படாமல் இருந்தது.

சின்ன வீடியோதான். கரையில் வலை நிழலில் உட்கார்ந்து இந்த அக்கா மீன் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். எடுக்கிறவன் தெரியவில்லை, குரல் மட்டும். "எம்மா, இங்க பாரு." அவர் பார்க்கவில்லை. "எம்மா, வூட்ல ஒம் போட்டோ ஒண்ணுகூட இல்லம்மா. ஒண்ணு இருக்கட்டும்." அவர் தலையைத் தூக்கி, முறைத்து, நேராகப் பார்த்துத் திட்டுகிறார்: "நா செத்தா மாட்டிக்க. இப்பப் போன கீழ வையிடா, மீனு காயுது." அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். படம் ஆடி, மணலைக் காட்டி, வானத்தைக் காட்டி, திரும்பி அவன் முகத்துக்கு வருகிறது. ஊதா பனியன். "பாத்துக்குங்க, இதான் எங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்காமலே நிறுத்திவிடுகிறான்.

அக்கா திரையைத் தொடவில்லை, அழவும் இல்லை. "இன்னொரு வாட்டி" என்றார். மெஷின் ஓடுகிற இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது, தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தார். அண்ணனை மெஷினை நிறுத்தச் சொன்னேன். பாதி பேனரில் நிறுத்தினால் கோடு விழும், அது வீண். முறைத்தான். ஆனால் நிறுத்தினான். மறுபடி போட்டேன். மறுபடி.

"இது இங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதே" என்றார் கடைசியில். "அந்தப் போன எங்க பொண்ணுக்குப் படிப்புக்குப் புதுசு வாங்கசொல்ல போன் கடைல குடுத்துட்டம். போட்டோதான் ஒங்காண்ட இருக்குதேன்னு குடுத்துட்டன். அவன் பேச்சும் அதுல போச்சுன்னு அப்பறமாத்தான் நெனப்பு வந்துது. அன்னிக்கிப் பூரா சோறு எறங்கல."

உங்கள் போனில் ஏற்றித் தருகிறேன் அக்கா, ஒரு நிமிட வேலை என்றேன். நான் எதிர்பார்த்தது ஒரு கும்பிடு, அல்லது கொஞ்சம் அழுகை. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எங்கிட்ட இருந்தா பொழுதுக்கும் போட்டுக்கினே இருப்பன். கூடயத் தூக்கமாட்டன். சோறாக்கமாட்டன். அப்பறம் அந்தப் பொண்ணு இன்னா ஆவும்? இங்கயே இருக்கட்டும். வருசத்துக்கு ஒருவாட்டி வர்றன். அவளாண்ட சொல்லாத, அவ ஏத்திக்கினு வந்துருவா."

அப்படித்தான் அது எங்களிடம் தங்கியது. ஒவ்வொரு வருடமும் நினைவு நாளுக்கு முந்தின வாரத்தில் வருவார். பேனர் என்பது ஒரு சாக்கு. விஷயம் முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், நான் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பேன். அவன் சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்கும். "நா செத்தா மாட்டிக்க" என்று அவர் திட்டுவதும் கேட்கும். ஒரு வருடம் வெளியே வரும்போது, "எனக்கு எடுத்த படத்துல அவனயே மாட்ட வேண்டியதாப் பூடுச்சி" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் அதைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

இத்தனையும் அந்த மஞ்சள் கட்டத்துக்குத் தெரியாது. அன்று மெஷினை நிறுத்தியதோடு அண்ணன் மறந்துவிட்டான், அது ஏன் இங்கேயே தங்கியது என்று நானும் அவனிடம் சொன்னதில்லை. ஏதோ பழைய வாடிக்கை, வருகிறது போகிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு தம்பி மிகவும் மரியாதையாகப் பேசினார். மூன்று வழி இருக்கிறது மேடம் என்றார். பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கம்பெனியே தருகிற கிளவுடில் வைக்கலாம். அல்லது வெளியே ஒரு கிளவுட் இடத்தை வாடகைக்கு எடுத்து சாஃப்ட்வேரோடு இணைத்துக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள், ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்றார்.

டிஸ்க் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். எங்கள் கடையில் கரண்ட் போய் வருகிற லட்சணத்துக்கு ஏற்கனவே இரண்டு டிஸ்க்கைக் காவு கொடுத்திருக்கிறோம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் வாசல் வரைக்கும் தண்ணீர் நிற்கும். கம்பெனி கிளவுடை முயற்சி செய்து பார்த்தேன். படங்கள் ஏறின. வீடியோ ஏறவில்லை. இவ்வளவு பெரிய கோப்பை ஏற்க இயலாது என்றது. தம்பியைக் கேட்டேன்.

"கம்ப்ரஸ் பண்ணிடுங்க மேடம். தரம் கொஞ்சம் குறையும், வேற ஒண்ணும் இல்ல."

குறைத்துப் பார்த்தேன். படம் பரவாயில்லை. சிரிப்புதான் தகர டப்பாவுக்குள்ளே இருந்து வருகிற மாதிரி இருந்தது. அதோடு, முடிந்த ஆர்டர்களின் பழைய இணைப்புகளைக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவர்களே நீக்கிவிடுவார்கள் என்று நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மற்றவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு அது ஆகாது.

மூன்றாவது வழிக்கு மாதா மாதம் தனியாகக் கட்ட வேண்டும். அண்ணன் குதித்தான்.

"பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கற வூட்டு மாரி இல்ல செலவு பண்ற! யாரோ பெத்த புள்ள சிரிக்கறதுக்கு நாம மாசாமாசம் கட்டணுமா?"

"கட்டலாம். ஒன் டீக்கணக்கு அதவிட ஜாஸ்தி."

"டீ குடிச்சா எனக்கு வேல ஓடுது. இது இருந்தா இன்னா ஓடுது?"

இரண்டு நாள் அவனுக்கு டீ வாங்கி வரவில்லை. மூன்றாம் நாள் கூடையோடு அந்த அக்கா வந்தார். நினைவு நாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. முன்பைவிட இளைத்திருந்தார், கால் வீங்கியிருந்தது. சுகர் என்றார்.

போட்டுக் காட்டிவிட்டு, மறைக்காமல் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது அக்கா, இதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் முதலில் பயந்துபோனார். பூடுமா, பூடுமா என்று இரண்டு தடவை கேட்டார். போகாது, வேறு ஊரில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள், அங்கே வாடகைக்கு வைப்பது என்று விளக்கினேன்.

"எந்த ஊரு?"

"பம்பாயின்னு சொல்றாங்க."

"கடலு இருக்கற ஊரா?"

ஆமாம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன கேட்டார் என்று உறைத்தது.

"வேணாம் பாப்பா. அவன் சின்னதுல எடுத்தது, அவங்க அப்பாவோட நின்னது, எல்லாம் கடலுதான் எடுத்துக்கினு போச்சு. இது ஒண்ணுதான் இருக்குது. கடலு இல்லாத ஊராப் பாத்து வையி."

நான் சிரித்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி வைக்கும், கடல் வந்து இதைத் தூக்கிக்கொண்டு போகாது என்று விளக்கியிருக்கலாம். ஆனால் மீன் கூடையோடு கடலை நம்பிப் பிழைக்கிற ஒருவர், கடலை ஒரு விஷயத்தில் மட்டும் நம்ப மாட்டேன் என்று சொல்லும்போது எதை விளக்குவது? சரி அக்கா என்றேன்.

"எவ்ளோ நாளு வச்சிருப்பாங்க?"

"நாங்க காசு கட்டற வரைக்கும்."

"அப்ப நீ நல்லா இருக்கணும்" என்றார். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அண்ணன் மெஷின் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா படி இறங்கியதும் ரோலை மாற்றுகிற மாதிரி குனிந்துகொண்டு, "அந்த மூணாவதே எடுத்துத் தொல" என்றான்.

இடத்தை எடுத்து, சாஃப்ட்வேரோடு இணைக்கும்போது ஒரு பக்கம் வந்தது. உங்கள் கோப்புகள் எந்தப் பகுதியில் இருக்க வேண்டும்? மும்பை முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. அதற்குக் கீழே ஹைதராபாத். அதற்கும் கீழே சிங்கப்பூர், இன்னும் நான் போகவே போகாத ஊர்கள். தம்பி போனில் கூடவே இருந்தார்.

"அப்படியே மும்பைய விட்டுடுங்க மேடம். எல்லாரும் அதான் வைப்பாங்க."

"ஹைதராபாத் வெக்கறன் தம்பி."

"வைக்கலாம். ஏதாவது ஸ்பெஷல் காரணமா மேடம்?"

"அங்க கடல் இல்ல."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே மேடம், சேவ் கொடுங்க" என்றார். நல்ல பையன். என்ன நினைத்தாரோ, கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டு இன்டர்நெட் விட்டு விட்டு வந்தது. கோப்புகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. கல்யாணப் பேனர்களெல்லாம் ஏறிய பிறகும் அந்த வீடியோ பாதியில் நிற்கும், முதலிலிருந்து போகும். அது முழுசாகப் போய்ச் சேர்ந்து, ஆர்டர் எண்ணைத் தட்டினால் அங்கிருந்தே திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் பழைய டிஸ்க்கில் இருந்ததை அழிக்கக் கை வைத்தேன். ஹைதராபாத்திலிருந்தும் அவன் அதே மாதிரி சிரித்தான். ஒரு துளி குறையவில்லை. அண்ணன் மெஷினை அவனாகவே நிறுத்தினான்.

அந்த வருட நினைவு நாளுக்குப் பேனர் போயிற்று. அடுத்த வருடம் அந்த நாள் நெருங்கியபோது நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசலில் கூடை வைக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். வந்தது வேறு ஒரு பெண். கல்லூரியில் படிக்கிற வயது. அழுது அழுது கண் சிறுத்துப் போயிருந்தது. கையில் ஆதார் கார்டின் ஜெராக்ஸ்.

"அக்கா, எங்க அம்மாவுக்குப் பேனரு போடணும்."

ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தேன். ஆதாரில் யாருக்குத்தான் நல்ல முகம் வந்திருக்கிறது, அதிலும் ஜெராக்ஸில். கருப்பாக ஒரு நிழல், இரண்டு கண். ஆனாலும் தெரிந்துவிட்டது. ஊர் பேரை அந்தப் பெண் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கால் புண் ஆறவில்லையாம், பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்களாம், விடியற்காலையில் முடிந்துவிட்டதாம்.

"வேற போட்டோ இல்லியாம்மா?"

"அண்ணன் போனதுலேர்ந்து அம்மா போட்டோவுக்கே நிக்கலக்கா. என்னோட ஒரு செல்ஃபிகூட எடுக்க வுடல. போன தூக்குனா எழுந்து போய்டும். இதான் இருக்குது. மூஞ்சிய மட்டும் எடுத்து எதுனா பொடவையில ஒட்டிக் குடுங்கக்கா, போதும்."

அவளிடம் சொல்லாதே என்று அந்த அக்கா சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள், அப்புறம் நான் சோறாக்க மாட்டேன் என்று சொன்னார். இனி அந்தக் கவலை இல்லை. ஆர்டர் எண்ணைத் தட்டினேன். ஹைதராபாத்திலிருந்து வர வேண்டும், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் அம்மா உட்காருகிற நாற்காலி.

"எம்மா, இங்க பாரு."

அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் அண்ணன் வாசலில் நிற்கிறான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். திரையில் அவள் அம்மா தலையைத் தூக்கினார். "நா செத்தா மாட்டிக்க. இப்பப் போன கீழ வையிடா." அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

வீடியோ நின்றதும், "இத்தினி வருசமா அம்மா பேனருக்குத்தான் வருதுன்னு நெனச்சன்" என்றாள். "போறப்ப ஒரு மாரி போவும். வர்றப்ப எதுனா வாங்கியாந்து குடுக்கும். ஏன்னு கேட்டா சொல்லாது."

அவளுக்கு அதை அனுப்பி வைத்தேன். தரம் குறைந்து நசுங்காமல் போகட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினேன். அம்மா தலை தூக்கிய இடத்தில் நிறுத்தி, வெட்ட ஆரம்பித்தேன். முகத்தை மட்டும் இல்லை, அந்தப் பழைய நைட்டியும் தோளில் கிடந்த துண்டும் சேர்த்து. கோபமாக முறைக்கிற முகம். இந்த மாதிரி முகத்தை யாரும் பேனருக்குக் கேட்க மாட்டார்கள், சாந்தமாக வேண்டும் என்பார்கள். வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க்கா. கோவமே இருக்கட்டும். அது அண்ணன் மேல பட்ட கோவம்."

மெஷினிலிருந்து பேனர் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு கண். அண்ணன் அதைத் தரையில் விரித்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். வழக்கமாக ஓரத்தைச் சரிபார்த்து ஓட்டை போடப் போய்விடுவான். அன்று போகவில்லை.

"நம்மளப் பாக்கற மாரியே இருக்குது" என்றான்.

பனித்திட்டில் தெரு முனையில் அதைக் கட்டினார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்து கழற்றுகிற வரைக்கும் மழையிலும் வெயிலிலும் நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த அக்கா தங்களை முறைப்பதாகத்தான் தெரிந்திருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது போனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற தன் மகனை.